சத்தி எடுக்காதவர் நெடுந்தீவார்

வல்லிபுரத்துக்குக் கடல் ஒத்துவராது. நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவில் மாடு வளர்த்து, நெடுந்தீவிலேயே கலியாணமும் கட்டிய மனிதருக்குக் கடவுள் இப்படியொரு வயிற்றைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டார். படகு துறையை விட்டு மூக்கைத் திருப்பினால் போதும், வல்லிபுரம் மடியிலிருந்து பிளாஸ்டிக் சொப்பின் பையை எடுத்து விரித்துவிடுவார். புத்தகத்தில் வாந்தி என்று எழுதுவதைத் தீவில் சத்தி என்பார்கள். வல்லிபுரம் சத்தி எடுப்பார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. ஒருவருக்கு முழங்கால் நோ, இன்னொருவருக்குப் பல்லுக்கொதி, வல்லிபுரத்துக்குக் கடல். அவ்வளவுதான்.

இப்படி வாழ்நாள் முழுக்க நிம்மதியாகச் சத்தி எடுத்துக்கொண்டு திரிந்தவருக்கு வில்லங்கம் ஒரு சபையின் உருவத்தில் வந்தது. தீவகப் படகுப் பயணிகள் முன்னுரிமைச் சபை என்பது அதன் பெயர். நோக்கம் நல்லது. எல்லாச் சபைகளின் நோக்கமும் நல்லதுதான், அதுதானே தொல்லை. படகு சின்னது, சனம் பெரிது. தீவின் காட்டுக்குதிரை பார்க்க, பழைய கோட்டை பார்க்க என்று வருகிற கூட்டம் ஏறி உட்கார்ந்துவிட, சொந்த வீட்டுக்குப் போகவேண்டிய நெடுந்தீவுச் சனம் புங்குடுதீவுக் கரையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று அவர்களுக்குக் கையசைத்து வழியனுப்பும். ஆகவே ஊராருக்கு முதலிடம் என்று சபை தீர்மானித்தது. சரி, ஊரார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும்தானே என்று ஒரு பியோன் வாய்தவறிச் சொன்னார். அவரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

சபைத் தலைவர் அம்பலவாணர் உயர்தரப் பரீட்சையில் அளவையியல் என்கிற தர்க்க பாடத்தில் ஏ எடுத்தவர். அந்த ஏ-யைச் செலவழிக்க ஓரிடம் கிடைக்காமல் இத்தனை வருடம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தவர். அவர் ஒரு காலை முழுவதும் துறையில் கதிரை போட்டு உட்கார்ந்து, படகால் இறங்குகிறவர்களின் முகத்தை ஆராய்ந்தார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் முகம் வெளிறி இறங்கினார்கள். ஊரார் வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். வல்லிபுரம் அன்று மாட்டுக்கு ஊசி போட ஆள் வருவதாக இருந்ததால் பயணம் போகவில்லை. அன்று பின்னேரமே சபையின் வாசலில் பலகை ஏறியது: "நெடுந்தீவார் என்றால் படகில் சத்தி எடுக்க மாட்டார்."

"இது விஞ்ஞானம்" என்றார் அம்பலவாணர் அடுத்த கிழமை நடந்த திறப்பு விழாவில். "அட்டையைப் போலியா அடிக்கலாம். வயித்தைப் போலியா அடிக்க ஏலாது." கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் வல்லிபுரமும் ஒருவர். தலைவர் ஏதோ வயிற்று நோவுக்கு மருந்து சொல்கிறார் என்று அவர் நினைத்தார்.

நடைமுறை இதுதான். படகில் சத்தி எடுக்காதவருக்குக் கையில் நீலப் பட்டி, அவர் நெடுந்தீவார், முதலில் ஏறலாம். சத்தி எடுத்தவருக்கு மஞ்சள் பட்டி, அவர் வெளியார், மிச்ச இடம் இருந்தால் ஏறலாம். நெடுந்தீவிலிருந்து திரும்பும் பின்னேரப் படகுக்கு மட்டும் விதி தலைகீழ். பட்டி ஆசுப்பத்திரியில் கட்டுவதைப் போல. ஒருதரம் பூட்டினால் கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டும், கத்தரிக்கோல் சபையிடம் இருந்தது. படகில் கூடவே போய்ப் பட்டி மாற்றும் வேலை றொஷானியுடையது. ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சிரிக்கமாட்டாள், முறைக்கவும் மாட்டாள், சொன்ன விதியைச் சொன்னபடி செய்வாள். அம்பலவாணருக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

ஆனி மாதம் வல்லிபுரத்தின் மகள் தர்சினிக்குக் கலியாணம். வல்லிபுரம் காய்கறி வாங்க யாழ்ப்பாணம் புறப்பட்டார். படகு துறையை விட்டது, அவர் பையை விரித்தார், றொஷானி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, கையை நீட்டுங்கோ."

வாய் துடைக்கத் துணி தரப்போகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினார். மஞ்சள் பட்டி 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது. நல்ல வடிவான மஞ்சள். கலியாண வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று வல்லிபுரம் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

யோசிக்கவேண்டி வந்தது திரும்பும்போது. கலியாணத்துக்கு முதல்நாள். குறிகட்டுவானில் வல்லிபுரம் கத்தரிக்காய்ச் சாக்கு, வாழைக்குலை, வெற்றிலைக் கட்டு எல்லாவற்றோடும் நிற்கிறார். துணைக்கு அயல்வீட்டு நாகமுத்தர். அதே படகுக்கு மாப்பிள்ளை வசீகரன் வீட்டாரும் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள், ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவும் கூட. அவர்கள் பிறந்த நாள் தொட்டு நெடுந்தீவுப் படகில் ஏறியதில்லை. ஏறாதபடியால் சத்தி எடுத்ததும் இல்லை. சத்தி எடுக்காதவர் நெடுந்தீவார். எல்லாருக்கும் நீலப் பட்டி.

"சம்பந்தி, வாங்கோவன்!" என்று படகுக்குள் இருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"வெளியார் பொறுங்கோ" என்றாள் றொஷானி. "ஊராக்கள் ஏறி முடியட்டும்."

"பிள்ளை, நான் பொம்பிளையின்ர தேப்பன்" என்றார் வல்லிபுரம்.

"மஞ்சள் அண்ணை."

"சாமானெண்டாலும் போகட்டும். நாளைக்குச் சமையல்."

றொஷானி கத்தரிக்காய்ச் சாக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். இதற்கு விதி இருக்கிறதா என்று தொலைபேசியில் தலைவரைக் கேட்டாள். தலைவர் மறுமுனையில் சற்று யோசித்துவிட்டு, கத்தரிக்காய் சத்தி எடுத்ததாக முறைப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் அது நெடுந்தீவு, ஏற்றலாம் என்றார். சாக்குக்கு நீலப் பட்டி கட்டப்பட்டது. வாழைக்குலைக்கும் கட்டப்பட்டது. தம்புள்ளையில் காய்த்த கத்தரிக்காய் நெடுந்தீவாராகப் படகேறிப் போக, நெடுந்தீவில் பிறந்த வல்லிபுரம் துறையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

நாகமுத்தருக்கு நீலப் பட்டி இருந்தது. ஆனாலும் அயலானை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. "வா வல்லிபுரம், தலைவரைக் கண்டு கதைப்பம். மனிசன் படிச்ச மனிசன்" என்றார். அந்தக் கடைசி வசனந்தான் அவர் அன்று செய்த முதல் பிழை.

அம்பலவாணர் துறையோரச் சபைக் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். வல்லிபுரம் நின்றபடி விசயத்தைச் சொன்னார்: நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம் முகூர்த்தம், மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கவேண்டும், காலைப் படகை விட்டால் வேறு வழியில்லை.

"உம்மட கவலை விளங்குது" என்றார் அம்பலவாணர். "ஆனால் நீர் நெடுந்தீவார் இல்லையே."

"ஐயா, நான் அங்கைதான் பிறந்தனான்."

"அது சம்பவம். நான் கதைக்கிறது வாக்கியம். வடிவாக் கேளும்." கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏ-யைச் செலவழிக்கும் நேரம் வந்துவிட்டது. "'நெடுந்தீவார் எண்டால் சத்தி எடார்.' இது மூல வாக்கியம். இதை முன்னுக்குப் பின்னாத் திருப்பினால், 'சத்தி எடாதவர் நெடுந்தீவார்.' இது மறுதலை. திருப்பாமல் ரெண்டு பக்கமும் ஒரு 'இல்லை' போட்டால், 'நெடுந்தீவார் இல்லையெண்டால் சத்தி எடுப்பார்.' அது எதிர்மறை. திருப்பி, இல்லையும் போட்டால், 'சத்தி எடுத்தால் நெடுந்தீவார் இல்லை.' அதுக்குப் பேர் எதிர்வைப்பு. சனம் கேட்டது ஒரு வாக்கியம். சபை குடுத்தது நாலு."

"நாலும் ஒண்டோ ஐயா?"

"புத்தகத்தில வேற வேற. சபைக்கு ஒண்டுதான். வேற வேறயா வச்சால் வேற வேற ஆக்களுக்குச் சம்பளம் குடுக்க வேணுமெல்லோ."

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அந்த நாலாவது வாக்கியத்தில் பிழையில்லை. முதலாவது மெய்யென்றால் நாலாவதும் மெய்தான், எந்த வாத்தியாரும் சரி போடுவார். நடுவில் உள்ள இரண்டும் முதலாவதிலிருந்து வராது, அவை தலைவரின் அன்பளிப்பு. முதலாவது மெய்யா என்பதுதான் கேள்வி, அதற்கு எதிர்ச்சாட்சி எதிரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் சபையில் முதல் வாக்கியத்தைக் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. அது பலகையில் எழுதியாகிவிட்டது, பலகைக்கு வார்னிசும் அடித்தாகிவிட்டது.

நாகமுத்தர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். இது இரண்டாவது பிழை. "ஐயா, இவரை எனக்குச் சின்னனில இருந்து தெரியும். இவர் சத்தி எடுக்கிறது புதினமில்லை. இவற்ர அப்பரும் சத்தி. அப்பற்ர அப்பரும் சத்தி. பரம்பரையா நெடுந்தீவில இருந்து சத்தி எடுக்கிற குடும்பம். ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்!"

அம்பலவாணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மூண்டு தலைமுறையா வெளியார். மூண்டு தலைமுறையா எங்கட தீவில களவா இருந்திருக்கினம். நல்லகாலம் சொன்னீர்." பிறகு குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு, "உங்கட சொந்த இடம் எது எண்டு ஒருக்கா விசாரியுமன். சிலவேளை நல்ல இடமாவும் இருக்கும்" என்றார்.

வல்லிபுரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பர் நெடுந்தீவின் பேரைச் சொல்லித்தான் செத்தார், அந்த ஊரும் இல்லையென்றால் பிறகு மனிதர் எங்கே போவது?

மேன்முறையீடு செய்ய வழி உண்டு என்று தலைவர் ஆறுதல் சொன்னார். பின்முற்றத்தில் நாலு மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களுக்கு மேல் ஒரு பலகை வைத்து, அதன் மேல் உட்கார ஒரு நீள வாங்கு பூட்டியிருந்தது. மாதிரிப் படகு. இரண்டு பியோன்கள் இரு பக்கமும் பிடித்து ஆட்டுவார்கள். சத்தி வராவிட்டால் நீலம். வல்லிபுரம் மடியை இறுக்கிக்கொண்டு ஏறினார். பியோன்கள் வேறு வேலை இல்லாதவர்கள், ஆகையால் மனம்வைத்து ஆட்டினார்கள். ஒருவர் வாயால் எஞ்சின் சத்தமும் போட்டார். வல்லிபுரம் பிள்ளையாரை நினைத்தார், மகளை நினைத்தார், கடைசியில் காலையில் சாப்பிட்ட தோசையை நினைத்தார். அது வந்தது. சபையின் சின்னம் பொறித்த கால்மிதியில்தான் வந்தது.

"தரைப் படகிலயே சத்தி!" என்றார் அம்பலவாணர் மெச்சுதலோடு. "இவ்வளவு சுத்தமான வெளியாரை நான் இன்னும் காணேல்லை."

அந்த நேரம் பார்த்து வல்லிபுரத்தின் தொலைபேசி அடித்தது. அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிட்டார். முற்றம் முழுக்கத் தர்சினியின் குரல்.

"அப்பா, கத்தரிக்காய் வந்திட்டுது, நீங்கள் எங்கை? அம்மா அழுதுகொண்டிருக்கிறா. சொல்லிப்போட்டன், நாளைக்கு நீங்கள் வராட்டி நான் மணவறையில ஏற மாட்டன்."

"வருவன் பிள்ளை. எப்பிடியும் வருவன்."  தொலைபேசியை வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "கேட்டியளே ஐயா? நான் போனால்தான் காரியம் நடக்கும்."

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மகளின் வாக்கியம் அவர் தலைக்குள் புரண்டுகொண்டிருந்தது. "பிள்ளை சொன்னதைக் கவனியும். நீர் வராட்டி ஏற மாட்டா. சரி. வந்தால் ஏறுவா எண்டு சொன்னவவோ? சொல்லேல்லை. அதை நீர் உம்மட பாட்டில எடுக்கப்படாது. பரீட்சையில புள்ளி போற பிழை அது."

தன் பலகையில் செய்த பிழையை மற்றவர் வீட்டுப் பிள்ளையின் வாயில் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துவிட்டார். படிப்பு என்றால் படிப்புத்தான்.

"அப்ப நான் என்ன செய்யிறது ஐயா?"

"நீர் போனால் கலியாணம் நடக்குமோ எண்டது நிச்சயமில்லை. போகாட்டி நடக்காது எண்டது நிச்சயம். நிச்சயமான வழி ஒண்டு இருக்கேக்க ஏன் காணும் நிச்சயமில்லாததுக்கு அலையிறீர்?" என்று கேட்டார். பிறகு தானும் நாளை அதே படகில் வருவதாகச் சொன்னார். நெடுந்தீவுத் துறையிலும் இதே பலகையைத் திறந்துவைக்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் சித்தப்பா கலியாணத்துக்கும் அழைத்திருக்கிறாராம். "உம்மட வீட்டுக் கலியாணம்தானே, நான் பார்த்துக்கொள்ளுவன், நீர் யோசியாதையும்."

அன்றிரவு புங்குடுதீவில் நாகமுத்தரின் உறவினர் வீட்டில் வல்லிபுரம் பாயில் கிடந்தார். விடியும்போது சோழகம் எழும்பிவிட்டது. ஆனி மாதத்துத் தென்மேற்குக் காற்று, கேட்டுக் கேள்வி இல்லாமல் வருவது. துறைக்குப் போனபோது கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. படகு கட்டிய இடத்திலேயே எழும்பி எழும்பி இருந்தது.

வல்லிபுரம் மஞ்சள் வரிசையில் கடைசியில் போய் நின்றார். முன்னால் நீல வரிசை, படகு கொள்ளாத சனம். தன் கலியாணச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். இடம் கிடைக்காது என்று முடிவாகத் தெரிந்தது.

"நெடுந்தீவார் ஏறலாம்" என்று கூப்பிட்டாள் றொஷானி.

ஒருவரும் அசையவில்லை.

"நெடுந்தீவார்!"

முன்னுக்கு நின்ற செபஸ்தியம்மா தன் பையின் மேல் நன்றாகச் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாளில் ஆயிரம்தரம் அந்தக் கடலைத் தாண்டிய மனுசி. "நான் இண்டைக்கு ஏறன் பிள்ளை. இந்தக் காத்தில ஏறினனெண்டால் அங்கை போய் இறங்கேக்க நான் ஆரெண்டே தெரியாது. வீடு, வளவு, பிரசைகள் சங்கத்தில பொருளாளர் பதவி, எல்லாம் சத்தியோட போயிடும்."

நீல வரிசை முழுவதும் தலையாட்டியது. காற்று அடங்கும்வரை நெடுந்தீவார் ஒருவரும் நெடுந்தீவுக்குப் போகப்போவதில்லை. நாகமுத்தர் மட்டும் "நான் ஏறுறன், போனால் போகட்டும் சனியன்" என்று பட்டியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார், அறவில்லை.

"அப்ப வெளியார் ஏறுங்கோ" என்றாள் றொஷானி.

வல்லிபுரம் ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்குப் படகு முழுக்க இடம் இருந்தது. ஆசிரியர்கள் சிலர், குதிரை பார்க்க வந்த ஒரு குடும்பம், நாகமுத்தர், வல்லிபுரம். கடைசியாக அம்பலவாணர் ஏறினார், கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் திரை கட்டிய பலகை, மணிக்கட்டில் நீலம். நெடுந்தீவுப் படகில் அவர் கால்வைத்தது அதுவே முதல்முறை.

பாதிக் கடல் தாண்டமுன்னம் படகில் அநேகமாக ஒருவரும் மிச்சமில்லை. ஆசிரியர்கள் எடுத்தார்கள், குதிரை பார்க்க வந்த குடும்பம் மூத்தவர் இளையவர் பாராமல் எடுத்தது, நாகமுத்தர் ஆயுளில் முதல்முறையாக எடுத்து, "அட, இதுவோ உமக்கு வழமையா வாறது" என்று வல்லிபுரத்தை மரியாதையோடு பார்த்தார். றொஷானி கம்பியைப் பிடித்தபடி மஞ்சள் பட்டிகளைப் பூட்டிக்கொண்டே போனாள். வல்லிபுரம் தொழில் தெரிந்தவர், சட்டையில் ஒரு துளி படாமல் எடுத்தார்.

பயணிகளில் அம்பலவாணர் மட்டும் எடுக்கவில்லை. முகம் முதலில் வெள்ளையாகி, பிறகு சாம்பலாகி, கடைசியில் பாசி நிறத்துக்கு வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். கண்கள் பிதுங்கின. தலைவராகி இத்தனை காலத்தில் அவர் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். வல்லிபுரத்துக்குப் பாவமாகப் போய்விட்டது. புதிய சொப்பின் பை ஒன்றை விரித்து நீட்டினார்.

"ஐயா, எடுத்துப்போட்டால் சுகம். வெக்கப்படாதையுங்கோ."

அம்பலவாணர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். ஆட்டியது பிழை. ஆனாலும் விழுங்கிவிட்டார். பலகைக்காக விழுங்கினார். துறையில் இறங்கும்போது அவர் கையில் நீலம் அப்படியே இருந்தது. திரையை இழுத்துப் பலகையைத் திறந்துவைத்தார், உரை நிகழ்த்த வாய் திறக்கப் பயந்து கையை மட்டும் அசைத்தார். அவர் நிகழ்த்திய உரைகளில் சிறந்தது அதுதான்.

வல்லிபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி மீனாம்பிகை ஓடிவந்து கையைப் பிடித்தாள். தர்சினி அப்பாவைக் கண்டதும் பூசிய முகமெல்லாம் கரைய அழுது, பிறகு சிரித்து, பிறகு மணவறையில் ஏறினாள். வந்தால் ஏறுவாள் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. ஏறிவிட்டாள். மகளின் கையைப் பிடித்து வசீகரனின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தபோது வல்லிபுரத்தின் மஞ்சள் பட்டி நனைந்தது. அவருக்கு அது தெரியவில்லை, கண் நிறைய வேறு தண்ணீர்.

பின்னேரம் விருந்தாளிகளை வழியனுப்ப வல்லிபுரம் துறைக்கு வந்தார். காற்று இன்னும் விடவில்லை, கடைசிப் படகு புறப்பட நிற்கிறது. நேற்று நீலமாக ஏறிய மாப்பிள்ளை வீட்டார் பாதிவழியிலேயே மஞ்சளாகிவிட்டிருந்தார்கள், சித்தப்பா உட்பட. எல்லாரும் ஏறினார்கள். ஆசிரியர்கள் ஏறினார்கள். குதிரை பார்த்த குடும்பம் ஏறியது. அம்பலவாணர் காலைத் தூக்கினார். றொஷானி குறுக்கே கையை நீட்டினாள்.

"பின்னேரப் படகில வெளியாருக்குத்தான் முன்னுரிமை ஐயா. ஊராக்களுக்கு வீடு இஞ்சைதானே எண்டு நீங்கள்தான் விதி எழுதினீங்கள். இடம் நிரம்பிட்டுது."

"நான் வெளியாள் பிள்ளை! நான் பிறந்தது சாவகச்சேரி!"

"அது சம்பவம் ஐயா" என்றாள் றொஷானி. கேலியாகச் சொல்லவில்லை, அப்படித்தான் சொல்லவேண்டும் என்று பயிற்சியில் படித்திருந்தாள். "சத்தி எடுத்தனீங்களோ?"

"இப்ப எடுக்கிறன்! இந்தா பார்!" இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார். காலையில் அடக்கியதெல்லாம் இறங்குதுறைச் சீமெந்தில் வந்து விழுந்தது.

றொஷானி அதைக் குனிந்து பார்த்தாள். "பலகையில 'படகில' எண்டு கிடக்கு ஐயா. இது தரை."

"அப்ப படகில ஏற விடு, எடுத்துக் காட்டுறன்!"

"எடுத்தால்தான் ஏறலாம் ஐயா."

கயிறு அவிழ்ந்தது. படகு திரும்பிப் போனது, சித்தப்பா கையசைத்தார். காற்று இப்படியே அடித்தால் நாளைக்குப் படகு ஓடுமோ தெரியாது என்று யாரோ சொன்னார்கள். அம்பலவாணர் கோட்டோடு துறையில் நின்றார்.

வல்லிபுரத்துக்கு மனம் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், தன் சால்வையால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டார்.

"யோசியாதையுங்கோ ஐயா, எங்கட வீட்டில நில்லுங்கோ. விருந்தாளியள் எல்லாம் போயிட்டினம், இனி ஊராக்கள்தான்." தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தார். "இஞ்சை ஒரு வழக்கம் இருக்கு. ஊராள் எண்டால் கலியாண வீட்டில கிடாரம் கழுவ வேணும்."

அம்பலவாணர் நடந்தபடியே அந்த வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்தார், இல்லை போட்டுப் பார்த்தார், திருப்பி இல்லையும் போட்டுப் பார்த்தார். வளவுக்குள் சோறு சமைத்த கிடாரங்கள் அடிப்பிடித்துக் கரியோடு வரிசையாகக் கிடந்தன. நாகமுத்தர் தும்பும் சாம்பலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.